தானாகக் கலையவில்லை

இதை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்து, அடித்தவர் எழுதியதை முதலாமவர் திருத்தி, நான்கு முறை படியெடுத்த பிறகு எஞ்சியது இது. படித்த புத்தகங்களைப் பற்றியே எழுதிப் பழகிய கைகளுக்குச் சொந்த வீட்டுக் கதையை எழுதுவது இத்தனை கடினமாக இருக்கும் என்று முன்பு தெரியவில்லை. எங்களில் யார் என்று சொல்லியே தீரவேண்டிய இடங்களில் அவள் என்றும் அவன் என்றும் குறித்திருக்கிறோம். மற்ற இடங்களில் எல்லாம் நாங்கள்தான்.

2024 ஜூலையில், குற்றாலத்தில் சாரல் கட்டித் திருநெல்வேலி வரைக்கும் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்த நாட்களில், எங்களுக்கு இரண்டாவது முறையாகக் கரு உண்டாகியிருப்பது தெரியவந்தது. மகளுக்கு அப்போது பதினொரு மாதம். சிசேரியன் செய்து எடுத்த பிள்ளை. பால்குடி மறக்கவில்லை. மகப்பேற்று விடுப்பு முடிந்து அவள் அலுவலகம் திரும்பி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. பால் கொடுக்கிற காலத்தில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வரும், வராமலும் இருக்கும் என்பதால் நாள் தள்ளிப்போனதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் காலை தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்த வாசனைக்கு அவள் குமட்டிக்கொண்டு ஓடியபோதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்று மாலையே மருந்துக்கடையில் சோதனை அட்டை வாங்கிவந்தோம். இரண்டு கோடுகள், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

நாங்கள் ஆணுறை உபயோகித்துக்கொண்டுதான் இருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். கவனக்குறைவு என்று சொல்வோரின் வாயை அடைப்பதற்காக அன்று. கருத்தடைச் சாதனம் தவறிப்போவது சட்டத்திலேயே ஒரு காரணமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தபோது எங்களுக்கு உண்டான ஆறுதலைச் சொல்வதற்காக.

ஹெமிங்வேயின் 'ஹில்ஸ் லைக் வைட் எலிபென்ட்ஸ்' என்ற சிறுகதையை இதைப் படிப்பவர்களில் பலரும் அறிந்திருப்பீர்கள். 1927இல் வெளிவந்தது. ஸ்பெயினில் ஒரு ரயில் நிலையத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கருக்கலைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்தச் சொல் கதையில் ஓரிடத்திலும் வராது. கல்லூரி நாட்களில் அந்த உத்தியை நாங்கள் இருவரும் வியந்து வியந்து பேசியிருக்கிறோம். இப்போது எங்கள் முறை வந்தபோது, அது உத்தியே இல்லை, உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் நாங்கள் பேசியவற்றைத் தொகுத்தால், "என்ன செய்யலாம்?", "பார்த்துக்கலாம்", "நீ என்ன நினைக்கிற?", "நீங்க சொல்லுங்க" என்பவைக்கு மேல் தேறாது. அதைப் பேசுகிறோம் என்று இருவருக்கும் தெரியும். அதன் பெயரை மட்டும் உச்சரிக்கவில்லை.

பெயரும் நம்மிடம் சரியாக இல்லை. 'கருக்கலைப்பு' செய்தித்தாளில் வருகிற சொல். வீட்டில் அது நாக்கில் ஏறாது. ஊரில் 'கழுவுவது' என்பார்கள். பாத்திரத்தைக் கழுவுகிற அதே சொல். மற்றபடி எல்லோருக்கும் 'அபார்ஷன்'தான். அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்ட தமிழர்கள் அதில் ஒரு நுட்பமும் செய்திருக்கிறார்கள். தானாகக் கரு சிதைந்தாலும் அபார்ஷன்தான், மருத்துவரிடம் போய்க் கலைத்துக்கொண்டாலும் அபார்ஷன்தான். வேறுபாடு வினைச்சொல்லில் இருக்கிறது. 'அபார்ஷன் ஆகிவிட்டது' என்றால் அனுதாபம் கிடைக்கும். 'அபார்ஷன் செய்துகொண்டாள்' என்றால் குரல் தாழ்ந்துவிடும். இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவில் எத்தனை பெண்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் அடுத்த சில வாரங்களில்தான் அறிந்துகொள்ளப் போகிறோம் என்பது அப்போது தெரியாது.

முடிவு எப்படி எடுத்தோம் என்று கேட்டால், ஒரு குறிப்பிட்ட கணத்தைச் சொல்ல இயலவில்லை. சிசேரியனுக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது இடைவெளி வேண்டும் என்று முதல் பிரசவத்தின்போதே சொல்லியனுப்பியிருந்தார்கள். அது ஒரு காரணம். வீட்டுக் கடன், மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாதது, மறுபடியும் வேலையை விட வேண்டியிருக்கும் என்ற அச்சம், இவையும் காரணங்கள். இவை எல்லாவற்றையும்விட, ஒரு நள்ளிரவில் பாலுக்கு அழுத மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள், "எனக்கு இன்னும் உடம்பு திரும்பலங்க" என்று சொன்னது. அதன் பிறகு நாங்கள் "என்ன செய்யலாம்" என்று பேசவில்லை, "எங்கே போகலாம்" என்று பேசத் தொடங்கினோம்.

முதலில் அவன் செய்த காரியத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. அவன் இரண்டு மருந்துக்கடைகளில் அந்த மாத்திரையைக் கேட்டான். நண்பர் ஒருவர், இதற்கெல்லாம் எதற்கு டாக்டர், ஐந்து மாத்திரை அடங்கிய ஓர் அட்டை வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று சொல்லியிருந்தார். ஒரு கடைக்காரர் "அதெல்லாம் வைக்கிறதில்ல சார்" என்று முகம் பாராமல் சொன்னார். அடுத்தவர் சீட்டுக் கேட்டார். அவன் வெறுங்கையோடு திரும்பினான். அன்று அவர்கள் கொடுத்திருந்தால் நாங்கள் வாங்கியிருப்போம். ஒன்றும் நேராமல் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கவும் கூடும். இந்தியாவில் 2015ஆம் ஆண்டில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்றும், அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அத்தனை பேரும் மருத்துவரைத் தவிர்த்ததற்கு அறியாமை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பதை நாங்கள் முதலில் போன மருத்துவமனையிலேயே கண்டுகொண்டோம்.

அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்த பெண்மணி விஷயத்தைக் கேட்டதும் குரலை உயர்த்தினார், நாங்கள் தாழ்த்தியது போதாதென்று. உள்ளே மருத்துவர், "முதல் குழந்தை பொண்ணா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் புரிய எங்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு, கடவுள் கொடுக்கிற வரம், எத்தனையோ பேர் இதற்காகத் தவமிருக்கிறார்கள் என்று சொன்னார். அவற்றையும் கேட்டுக்கொண்டோம். இறுதியில், கணவர் கையெழுத்தும் மாமியார் கையெழுத்தும் இருந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். மாமியார் எதற்கு என்று அவள் கேட்டாள். "நாளைக்கு வந்து சண்டை போடுவாங்க இல்ல?" என்பது பதில். பரிசோதனை எதுவும் செய்யவில்லை. எத்தனை வாரம் என்றுகூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது அவள் அழவில்லை, ஆட்டோவில் ஏறி வீடு வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு வாரம் இப்படிப் போயிற்று.

இந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் அந்த ஒரு வாரத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து படித்தது அதைத்தான். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது, கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் சேர்த்து. சட்டத்துக்குப் புறம்பாக நடக்கும் கருக்கலைப்புகளால் நேரும் சாவுகளைக் கண்டு 1964இல் ஷாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் வழியே 1971இல் மருத்துவ முறையில் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பல மேலை நாடுகளுக்கு முந்தியே நாம் இதைச் செய்தோம் என்று பெருமை பேசுவதுண்டு. ஆனால் பழைய குற்றம் குற்றமாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 88ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அந்தக் குற்றத்திலிருந்து மருத்துவருக்குக் கொடுக்கப்பட்ட விலக்குதான் 1971இன் சட்டம். பெண் விரும்புகிறாள் என்பது அதில் போதுமான காரணம் ஆகாது. மருத்துவர் ஒருவர் நன்னம்பிக்கையோடு ஒரு கருத்துக்கு வர வேண்டும். கருத்தடைச் சாதனம் தவறியதால் உண்டான கரு என்றால், அந்த மனவேதனையையே அவர் காரணமாகக் கொள்ளலாம். முன்பு இந்த வரியில் 'மணமான பெண்ணோ அவள் கணவனோ' என்று இருந்தது. 2021இன் திருத்தம் அதைப் 'பெண்ணோ அவள் துணைவரோ' என்று மாற்றியது.

இத்தனை இருந்தும், பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண்ணென்றால் அவளுடைய ஒப்புதல் ஒன்றே போதும் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கணவன், மாமியார், தகப்பன் என்று எவருடைய கையெழுத்துக்கும் அதில் இடமில்லை.

இரண்டாவது மருத்துவரை அவளுடன் வேலை செய்யும் மூத்த பெண்மணி ஒருவர் சொல்லியனுப்பினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, தமக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லவில்லை. சந்துக்குள் இருந்த சிறிய மருத்துவமனை. அறுபது வயதைத் தாண்டிய அம்மையார். ஸ்கேன் அறையின் வாசலில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படமாட்டாது என்ற பலகை. எல்லா ஸ்கேன் அறைகளிலும் உள்ள பலகைதான். 1994இல் வந்த அந்தச் சட்டம் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கருக்கலைப்பே சட்டவிரோதம் என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம். முதல் மருத்துவமனை வரவேற்புப் பெண்மணியும் அப்படி நினைத்தவராக இருக்கலாம்.

அம்மையார் முதலில் ஸ்கேன் செய்தார். கருப்பைக்குள்தான் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும், குழாயில் இருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும் என்றார். "உனக்கு சிசேரியன் ஆகியிருக்கு. அந்தத் தழும்பு மேல உக்காந்திருக்கான்னும் பாக்கணும்மா" என்றார். எங்கள் இருவருக்கும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மருந்துக்கடைக்காரரிடம் ஓர் அட்டைக்காக நின்ற அந்த மாலையை இருவருமே நினைத்துக்கொண்டோம். தழும்பிலிருந்து விலகி, மேலே, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. எட்டு வாரம், ஒரு நாள். நீளம் 16 மில்லிமீட்டர்.

திரையைத் தம் பக்கம் திருப்பி வைத்திருந்தவர், "பாக்கணுமா? பாக்க வேண்டாம்னாலும் சரிதான்" என்று அவளிடம் கேட்டார். அவள் பார்க்கிறேன் என்றாள். அவன் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் என்ன பார்த்தாள் என்று அவன் இன்று வரை கேட்கவில்லை. இந்தக் கட்டுரைக்காகக்கூட.

மாத்திரையால் கலைப்பதற்கு ஒன்பது வாரம், அதாவது 63 நாள், எல்லை. நாங்கள் 57ஆம் நாளில் இருந்தோம். முதல் மருத்துவமனையின் 'அடுத்த வாரம்' எங்களுக்கு எவ்வளவு விலையாகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். எல்லை தாண்டினாலும் வழி அடைபட்டுப்போவதில்லை, உறிஞ்சியெடுக்கும் முறை இருக்கிறது, அதுவும் பாதுகாப்பானதே என்று அம்மையார் சொன்னார். இரண்டையும் விளக்கிவிட்டு எது வேண்டும் என்று கேட்டார். மாத்திரை என்றாள். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 10.4. குறைவுதான், ஆனால் போதும் என்றார். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, மிகச் சிறிய அளவுதான் பாலில் சேரும், நிறுத்த வேண்டாம் என்றார்.

ஒப்புதல் படிவம் வந்தது. மேசைமேல் வைக்கப்பட்டதும் அவன் பழக்கத்தினால் பேனாவை எடுத்தான். வங்கிப் படிவம், பள்ளிப் படிவம், வீட்டு வாடகைப் பத்திரம் என்று எதை நீட்டினாலும் எடுக்கிற கை அது. அம்மையார் காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பி, "உங்க கையெழுத்துக்கு இதுல இடம் கிடையாது தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவன் பேனாவை அவளிடம் கொடுத்தான். நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது உண்மைதான். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு கோடுதான் இருந்தது.

முதல் நாள் ஒரே ஒரு மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். அம்மையாரின் முன்னாலேயே விழுங்கினாள். கருவைத் தாங்கிப் பிடித்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பின் வழியை அது அடைக்கிறது. பிரெஞ்சு நாட்டில் ரூசல் உக்லாஃப் என்ற நிறுவனத்தில் 1980இல் உருவான மருந்து. எத்தியேன் எமில் பொலியூ என்ற விஞ்ஞானியின் பெயர் அதனோடு சேர்ந்தே பேசப்படும். 1988இல் அங்கே அனுமதி கிடைத்த சில வாரங்களில் எதிர்ப்புக்கு அஞ்சி நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொள்ள, அது பெண்களுக்கு உரிய உடைமை என்று சொல்லிச் சுகாதார அமைச்சர் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவரச் செய்தார். இந்தியாவுக்கு 2002இல் வந்தது. இரண்டாவது மருந்தான மிசோப்ரோஸ்டாலின் கதை இன்னும் விநோதம். இரைப்பைப் புண்ணுக்காகத் தயாரிக்கப்பட்டது அது. கருவுற்றவர்கள் உண்ணலாகாது என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டு, கருக்கலைப்புத் தடைசெய்யப்பட்டிருந்த பிரேசில் நாட்டுப் பெண்கள் எண்பதுகளில் அதன் மறுபயனைக் கண்டுகொண்டார்கள் என்பார்கள்.

அன்று மாலையும் அடுத்த நாளும் ஒன்றும் நேரவில்லை. லேசான குமட்டல், அவ்வளவுதான். அவள் அலுவலகம் போய்வந்தாள். எங்களுக்கு அந்த நாள்தான் மிகவும் கடினமாக இருந்தது. மாத்திரை விழுங்கியாயிற்று, ஆனால் எதுவும் முடியவில்லை. இரவு உணவுக்குப் பிறகு அவன், "நாம ஒண்ண இழந்துட்டோம்ல?" என்று கேட்டான். அவள் சட்டென்று, "இழக்கல. வேணாம்னு முடிவு பண்ணிருக்கோம்" என்றாள். அன்று தொடங்கிய இந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. இந்தக் கட்டுரையின் முதல் படியில் அவன் 'இழப்பு' என்று ஆறு இடங்களில் எழுதியிருந்தான். அவள் ஆறையும் அடித்தாள். துக்கப்பட வேண்டியவள் அவள், தேற்ற வேண்டியவன் அவன் என்று படித்த கதைகள் சொல்லியிருந்தன. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அவளுக்குப் பெரும்பாலும் நிம்மதிதான் இருந்தது, நிம்மதியாக இருக்கிறதே என்ற சங்கடம் கொஞ்சம். அவன்தான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பலரும் இரண்டாவது மருந்தை வீட்டிலேயே எடுத்துக்கொள்கிறார்கள், நானும் கொடுத்தனுப்புவதுண்டு, உனக்குச் சிசேரியன் ஆகியிருப்பதால் நாலைந்து மணி நேரம் என் கண்முன்னால் இரு என்றார். மகளைப் பார்த்துக்கொள்ள அவனுடைய தாயார், அவளுக்கு அத்தை, அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் நாளே வந்திருந்தார். அவரிடம், வயிற்றில் ஏதோ கோளாறு, பரிசோதனைக்குப் போகிறோம் என்று சொல்லிவைத்தோம்.

நான்கு மாத்திரைகள். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டாக அடக்கிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம். சுண்ணாம்புக்கட்டி கரைவதுபோல் இருந்தது என்கிறாள் அவள். ஆண்களுக்கு அந்த அறையில் அனுமதி இல்லை. அவன் தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தான். பக்கத்து அறையில் அன்று விடியற்காலை ஒரு பிரசவம் ஆகியிருந்தது. வேட்டியை மடித்துக்கட்டிய ஒரு பெரியவர் தட்டில் கற்கண்டை ஏந்திக்கொண்டு தாழ்வாரம் முழுக்கக் கொடுத்துக்கொண்டு வந்தார். "பேத்தி பிறந்திருக்கா சார், எடுத்துக்கிடுங்க" என்றார். அவன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வது? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாயில் மாத்திரை கரைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் அவன் வாயில் கற்கண்டு கரைந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தது. பிறகு வலி. பிரசவ வலியை அவள் முழுமையாக அறிந்ததில்லை, அறுவைக்குப் போய்விட்டதால். இது அதன் தங்கை என்றார் சிஸ்டர். வலி குறைய ஐபுப்ரோஃபென் கொடுத்து, வயிற்றில் வெந்நீர்ப்பை வைத்தார். அவள் நான்கு முறை கழிவறைக்குப் போனாள். நான்காவது முறை சற்று நேரம் வெளியே வரவில்லை. சிஸ்டர் கதவைத் தட்டி, "பாப்பா, ஒண்ணும் பயப்படாத, நான் இங்கதான் நிக்கேன்" என்று சொன்னது தாழ்வாரம் வரை கேட்டது. அந்தக் கதவுக்கு உள்ளே நடந்ததை எழுத வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். எனவே எழுதவில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு அம்மையார் பார்த்துவிட்டு, பெரும்பகுதி ஆகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒரு துண்டுச்சீட்டில் தம் தொலைபேசி எண்ணை எழுதினார். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைந்தால், காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நின்றால், வலி மாத்திரைக்கு அடங்காவிட்டால், எந்த நேரமானாலும் கூப்பிடு என்றார். கூப்பிட நேரவில்லை. ஆனால் அந்தச் சீட்டு இரண்டு வாரம் தலையணைக்கு அடியில் இருந்தது. மருத்துவரின் மேற்பார்வை என்று சட்டம் சொல்வது எங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அந்தச் சீட்டுதான்.

அன்றிரவு அத்தை குளியலறைப் பக்கம் போய்விட்டு வந்து, மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "எத்தன நாளு?" என்று கேட்டார். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "எட்டு வாரம், அத்தை" என்றாள். அவர் தலையசைத்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மகன் பக்கம் திரும்பாமல், மருமகளிடம் மட்டும் சொல்வதுபோல் சொன்னார்.

அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, 1989இல், அவருக்கு மூன்றாவதாக உண்டாயிற்று. வீட்டில் நெல்லுக்கு வழியில்லாத வருஷம். அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால் கலைத்துவிடுகிறோம், இல்லாவிட்டால் இல்லை என்றார்கள். சம்மதித்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. பின்னால் நிலைமை சீரானால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் ஓர் எண்ணம் இருந்ததாம். ஊரில் என்ன சொல்வது? கிணற்றடியில் வழுக்கி விழுந்து கலைந்துவிட்டது என்று சொன்னார். "தானா கலைஞ்சிட்டுன்னேன். எல்லாரும் நம்பிட்டாவ. உங்க தாத்தா அந்தக் கிணத்தடிக் கல்ல பேத்துட்டு சிமெண்டு போட்டாரு."

அந்தச் சிமெண்டுத் தளத்தை அவனுக்குத் தெரியும். சிறுவயதில் அதில் பம்பரம் விட்டிருக்கிறான். அந்தப் பக்கம் ஓடாதே, அங்கேதான் ஒரு பிள்ளை போயிற்று என்று அதட்டுகிற ஆச்சியின் குரலும் நினைவிருக்கிறது. கல் வழுக்கவே இல்லை என்பது முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அன்றிரவு தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் துக்கம் விசாரிக்க வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதது அவருக்கு மிகவும் கூச்சமாக இருந்ததாம். "அவளுவ அழ அழ எனக்கு களவாண்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

எங்களுக்கு மாமியார் கையெழுத்து வேண்டும் என்று கேட்ட அந்த முதல் மருத்துவர் நினைவுக்கு வந்தார். கேட்டிருந்தால் அத்தை போட்டிருப்பார், யோசிக்காமல்.

மறுநாள் காலை மாடி வீட்டு அக்கா வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "அபார்ஷன் ஆயிட்டு" என்றார். மாடி வீட்டு அக்கா கண்கலங்கி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம். முந்திய இரவு கேட்ட கதைக்குப் பிறகும் நின்றோம். அலுவலகத்திலும் இதே கதைதான். கருச்சிதைவுக்கும் மருத்துவ முறையில் கருக்கலைப்புக்கும் சான்று காட்டினால் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்று அப்போது நடைமுறையில் இருந்த 1961இன் மகப்பேற்றுப் பயன்கள் சட்டம் சொன்னது. அவள் 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதி மூன்று நாள் எடுத்தாள்.

அன்று மதியம் அத்தை உளுந்தங்களி கிண்டினார். கருப்பட்டிப் பாகு, உரலில் இடித்த உளுத்தம் மாவு, குழி நிறைய நல்லெண்ணெய். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. "இடுப்புக்கு நல்லது, முழுசும் தின்னணும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பத்து நாள் அவரே சமைத்தார்.

இரத்தப்போக்கு பதின்மூன்று நாள் இருந்தது. பதினைந்தாம் நாள் மறுபடி ஸ்கேன். கருப்பை காலியாகிவிட்டது என்றார் அம்மையார். அடுத்த மாதவிலக்குக்குக் காத்திராமலே கரு தரித்துவிட வாய்ப்புண்டு, பத்து நாளில்கூட, என்று சொல்லி, காப்பர்-டி வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். கட்டாயப்படுத்தவில்லை, யோசித்துச் சொல் என்றார். அவள் வைத்துக்கொண்டாள்.

இதை எழுதி முடித்ததும் அத்தையிடம் படித்துக் காட்டினோம். அவர் பகுதியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். பேர் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். சிறிது நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். "கிணத்தடிக்கு சிமெண்டு போட்டது அந்த வருசம் இல்லப்பா. அடுத்த வருசம், பொங்கலுக்கு முன்னால" என்றார்.